கோடிங் பட்டறை: தனியாக எதற்கு?

கேள்வி: எம்.எஸ்சி. தாவரவியல் முதலாமாண்டு படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கும் திருநர்களுக்கும் மட்டும் இரண்டு நாள் கோடிங் பயிற்சிப் பட்டறை நடக்கப்போகிறது. எனக்குக் கோடிங்கில் அரிச்சுவடியும் தெரியாது. “உங்களுக்கென்று ஈசியா ஏதாவது சொல்லித் தருவாங்க” என்று வகுப்புப் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். போகலாமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாகப் போங்கள். கிண்டலை முதலில் பார்த்துவிடுவோம். பெண்களுக்குக் கோடிங் சொல்லித்தரும் ஜாங்கோ கேர்ள்ஸ் என்ற அமைப்பு 2014-இல் பெர்லினில் தன் முதல் பட்டறையை நடத்தியது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. கட்டளைத் திரை, பைதான் என்ற கணினிமொழி, சொந்தமாக ஒரு வலைப்பூ, அதை இணையத்தில் ஏற்றுவது என்று போகும் அந்தப் பாடத்தை உங்கள் நண்பர்கள் ஒருநாள் உட்கார்ந்து செய்து பார்க்கட்டும்.

பிறகு ஏன் தனியாக? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம்தான். ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் மாணவர்களிடமே பேசிக் காரணம் தேடினார்கள். வீட்டுக் கணினி பெரும்பாலும் பையன்களின் கைக்கே போயிருந்தது. பள்ளி நாளிலேயே அதை நோண்டிப் பழகியவர்கள் அவர்கள். பக்கத்து இருக்கைக்காரன் சரளமாக எழுதுவதைப் பார்த்த பெண்கள், தங்களுக்கு மூளை போதாது என்று நினைத்துக்கொண்டார்கள். பழக்கம் இல்லாமல் வந்தவர்களும் போகப்போகத் தேறினார்கள் என்பதுதான் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி. சேர்க்கை முறையையும் பாடத்தையும் மாற்றிய பின், 2000-இல் பெண்கள் 42 சதவீதம்.

கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி, கோடிங் அறிந்தவர்களையும் அறியாதவர்களையும் முதல் வகுப்பிலேயே பிரித்தது. ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. வகுப்பில் எல்லாம் தெரிந்ததுபோல் பேசுகிறவர்களை ஆசிரியர்கள் தனியே அழைத்து, “இதை நாம் அப்புறம் பேசலாமே” என்றார்கள். என்னைக் கேட்டால், இப்படி அனுபவத்தின்படி பிரிப்பதே நேர்த்தியான வழி. அது இல்லாத இடத்தில் பெண்கள் பட்டறை ஒரு நல்ல மாற்று. கோடிங் தெரியாத பையன்களும் தங்களுக்கு ஒன்று கேட்கலாம். கிண்டலைவிட அது உருப்படியான வேலை.

நடைமுறைக்கு வருவோம். முதல் நாள் காலை முழுக்க இன்ஸ்டால் செய்வதிலேயே போய்விடும். வீட்டிலேயே முடித்துக்கொண்டு போங்கள். பாடம் பைதானில், கணினி விண்டோஸ் என்றால், இன்ஸ்டாலரின் முதல் திரையில் ‘பாத்’ என்று முடியும் ஒரு பெட்டி இருக்கலாம். இருந்தால் அதை டிக் செய்ய மறக்காதீர்கள். பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்று அங்கேதான் எழுதியிருக்கும். களப்பணியில் நீங்கள் எடுத்த இலை அளவுகள் எக்செலில் இருந்தால் சிஎஸ்வி கோப்பாக்கி எடுத்துப் போங்கள். யாரோ ஒருவரின் பூக்கடைக் கணக்கைவிட உங்கள் இலைகளின் சராசரியைப் போட்டுப் பார்ப்பது மனதில் நிற்கும்.

ஏற்பாட்டாளர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? மூன்று நான்கு பேருக்கு ஒருவர் இருந்தால் நல்லது. முப்பது பேருக்கு ஒருவர் என்றால் அது வெறும் சொற்பொழிவு. பதிவுப் படிவத்தில் சான்றிதழ்ப் பெயர் கட்டாயமா? திருநர்களுக்கும் என்று அறிவித்துவிட்டு, அவர்கள் விட்டுவந்த பெயரையே அட்டையில் எழுதி மாட்டினால் யார் வருவார்கள்?

இரண்டு நாளில் கோடிங் வந்துவிடாது. பயம் போகும், நாலு பேர் பழக்கமாவார்கள். அந்த நாலு பேரும் சேர்ந்து, வாரம் ஒரு மாலை கணினிக்கூடத்தைத் திறந்துவைக்கும்படி துறைத்தலைவரிடம் கேளுங்கள். பட்டறை முடிந்த அன்றே கேட்டுவிடுங்கள். செமஸ்டர் தேர்வு நெருங்கினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.