வேலிக் கற்றாழையும் டெக்கீலாவும்

கேள்வி: எங்கள் காட்டு வேலியோரம் நிற்கும் ஆனைக் கற்றாழையில்தான் டெக்கீலா செய்கிறார்களாமே? நல்ல டெக்கீலாவை எப்படிக் கண்டுகொள்வது?
– ஒரு வாசகர், மல்லசமுத்திரம்

பதில்: இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் அதே செடி அல்ல. டெக்கீலாவுக்கு நீல அகாவே என்ற ஓர் இனம் மட்டுமே ஆகும். அதுவும் மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்திலோ, வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலோ செய்திருக்க வேண்டும். செடி முதிர ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். மடல்களைச் சீவிவிட்டு, பருத்த நடுப்பகுதியை வேகவைத்துச் சாறெடுத்து, புளிக்கவைத்து வடிப்பார்கள்.

புட்டியில் '100% அகாவே' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், சர்க்கரையில் 49% வரை கரும்பு போன்றவற்றிலிருந்து வந்திருக்கலாம். ஓக் பீப்பாயில் குறைந்தது இரண்டு மாதம் இருந்தது ரெபோசாடோ, ஓராண்டு இருந்தது அன்யேஹோ. செடியின் மணம் தெரிய வேண்டுமானால் ஊறவைக்காத பிளாங்கோதான் என் தேர்வு. உப்பும் எலுமிச்சையும் வேண்டாம். அவை அந்த மணத்தையே மறைத்துவிடும். முகர்ந்து, சிறு மிடறாகப் பருகுவதே முறை.

நம் தக்காணத்துக் கற்றாழையும் வீணில்லை. டெஸ்மண்ட் நாசரேத் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் அதிலிருந்து மது வடித்து, 2011-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சட்டப்படி அதை டெக்கீலா என்று விற்க முடியாது. அகாவே மது என்றே விற்கிறார்கள்.

ஒன்று மட்டும்: வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். பச்சைச் சாறு பட்டாலே தோல் அரித்துப் புண்ணாகும். காய்ச்சுவது தமிழ்நாட்டில் குற்றம்.