சுபம் என்று தெரிந்தும்

அன்புள்ள வாசகிக்கு,

பகல் முழுக்க வங்கியில் நகைக்கடன் பிரிவு, சாயங்காலம் அடுப்படி, மாமியாருக்கு மாத்திரை, எல்லோரும் படுத்த பிறகு கிண்டிலில் முக்கால் மணி நேரம் காதல் நாவல் என்று உங்கள் ஒரு நாளை எழுதியிருந்தீர்கள். பள்ளி நாட்களில் ரமணிசந்திரன், இப்போது அக்கா மகள் ஏற்றிக்கொடுத்த ஆங்கில நாவல்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் பையன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "முதல் பக்கத்துல சண்டை, கடைசிப் பக்கத்துல கல்யாணம். நடுவுல முந்நூறு பக்கம் எதுக்கும்மா?" என்று கேட்டிருக்கிறான். உங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இனி உருப்படியாக ஏதாவது படிப்போம் என்று முடிவுகட்டி, நல்ல இலக்கிய நூல்களின் பட்டியல் ஒன்றை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் எங்கேயும் ஓடிவிடாது, பிறகு அனுப்புகிறேன். பையன் கேட்டது நல்ல கேள்வி. கிண்டலாகக் கேட்டாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். அந்த முந்நூறு பக்கத்தில்தான் சங்கதியே இருக்கிறது.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்தது. ரவிச்சந்திரனும் முத்துராமனும் பாலையாவின் இரண்டு பெண்களையும் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பது முதல் தடவை பார்ப்பவருக்கே சீக்கிரம் பிடிபட்டுவிடும். அப்படியும் டிவியில் எப்போது போட்டாலும் உட்கார்ந்துவிடுகிறோம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி முடியும்வரை ஒருவரும் எழுந்திருப்பதில்லை. "முடிவுதான் தெரியுமே, எதுக்குப் பார்க்கறீங்க?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இன்னும் பின்னால் போனால், அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர்கூடக் கிடையாது. பெயர் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. குறிஞ்சி என்றால் கூடல், பாலை என்றால் பிரிவு. பாட்டு எந்தப் பக்கம் போகும் என்று கேட்பவருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்த சட்டகத்துக்குள் இந்தப் புலவர் புதிதாக எதைக் கவனித்தார் என்பதில்தான் ருசி. உங்கள் கிண்டிலைக் கொண்டுபோய்க் குறுந்தொகைக்குச் சமமாக வைக்கிறேன் என்று புலவர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முடிவு தெரிந்த கதையில் மனம் லயிப்பது சோம்பேறி வாசிப்பு என்ற நினைப்புக்கு மட்டும்தான் இந்தப் பதில்.

கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் துப்பறியும் கதையின் உயிர் போயிற்று. காதல் கதையில் விஷயம் நேர்மாறு. இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பது உறுதியாகத் தெரிவதால்தான், அவர்கள் பேசும் பேச்சையும் பேசாமல் விடும் பேச்சையும் நாம் நிதானமாக ரசிக்க முடிகிறது. கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவில் நிறைவும் நம்பிக்கையும் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இதை இலக்கணமாகவே வகுத்து வைத்திருக்கிறது. இந்த உத்தரவாதத்தை நம்பித்தான் களைத்துப்போன ராத்திரியில் ஒரு மனுஷி புத்தகத்தைத் திறக்கிறாள்.

உங்களுக்கு மிகவும் பிடித்ததாகச் சொன்ன 'தி ஹேட்டிங் கேம்' நாவலையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியரான சாலி தார்ன் எழுதி 2016இல் வந்தது. இரண்டு பதிப்பகங்கள் ஒன்றாக இணைகின்றன. இரண்டு பக்கத்து முதலாளிகளும் பதவியை விட்டுக்கொடுக்காததால் ஒரே கம்பெனிக்கு இரண்டு தலைவர்கள். அவர்களின் உதவியாளர்கள் லூசியும் ஜோஷுவாவும் ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில். இருவருக்கும் ஆகவே ஆகாது. கண் கொட்டாமல் முறைத்துக்கொள்வது ஒரு விளையாட்டு, ஒருவர் அசைவதுபோலவே இன்னொருவர் அசைந்து கடுப்பேற்றுவது மற்றொரு விளையாட்டு. போதாக்குறைக்கு ஒரே பதவி உயர்வுக்கு இருவரும் போட்டி. உங்கள் கிளையிலும் இப்படி ஒரு ஜோடி இருந்திருக்கலாம். பெரும்பாலும் அது கல்யாணத்தில் முடியாது, டிரான்ஸ்ஃபரில் முடியும்.

அந்த நாவலில் ஒரு சின்ன விஷயம். ஜோஷுவா எந்த வரிசையில் எந்த நிறச் சட்டை போட்டுக்கொண்டு வருவான் என்பது லூசிக்கு மனப்பாடம். அவன் எவ்வளவு சலிப்பான ஆசாமி என்று காட்டத்தான் அவள் அதைச் சொல்கிறாள். பிடிக்காத ஆளின் சட்டை வரிசையை ஒருத்தி இத்தனை துல்லியமாக நினைவு வைத்திருந்தால் என்ன அர்த்தம் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது, அவளுக்குப் புரியவில்லை. நாம் கொஞ்சம் முன்னால் போய் அவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறோம். இந்தக் காத்திருப்பு ஒரு தனி சுகம். அப்புறம் ஆபீஸ் கூட்டிப்போன பெயின்ட்பால் ஆட்டத்துக்குப் பிறகு அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. வாந்தி, காய்ச்சல். ஜோஷுவா ராத்திரி முழுக்கக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறான், டாக்டரான தன் சகோதரனை வரவழைக்கிறான். தலை கலைந்து, முகம் வெளிறி, அழகாகத் தெரிய வழியே இல்லாத நேரத்தில் அவளை ஒருவன் பார்த்துக்கொள்கிறான். கடைசியில், அவன் படுக்கையறைச் சுவரின் நீலம் எந்த நீலம் என்பது தெரிய வருகிறது. அது அவள் கண்ணின் நிறம். அவன் பங்குக்கு அவனும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

பையனின் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த முந்நூறு பக்கமும் ஒருவரை இன்னொருவர் கவனிப்பது பற்றியது. கல்யாணம் சும்மா, கதையை நிறுத்த ஓர் இடம். உங்கள் வீட்டில் யாருக்குத் தேங்காய்ச் சட்னி ஆகாது, யாருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்பதெல்லாம் உங்கள் தலையில் இருக்கிறது. உங்களுக்கு என்ன ஆகும், ஆகாது என்பது யார் தலையில் இருக்கிறது? ராத்திரி பத்தே முக்காலுக்கு அந்தக் கேள்விக்குக் கிண்டில் ஒரு பதில் கொடுக்கிறது, கற்பனையில்தான் என்றாலும்.

இதை நானாகச் சொல்லவில்லை. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்று ஒரு நூல் எழுதினார். அங்கே மத்திய மேற்குப் பகுதியில் ஓர் ஊருக்குப் போய், காதல் நாவல்களை விடாமல் படிக்கும் பெண்களை உட்காரவைத்துப் பேசினார். ஊர்ப் பெயரை மறைத்து 'ஸ்மித்டன்' என்று வைத்தார். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் பெண்கள்தான் பெரும்பாலும். கதையைப் போலவே படிக்கும் நேரமும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது: கையில் புத்தகம் இருக்கும்வரை அது என் நேரம், என்னைக் கூப்பிடாதே. எல்லோரையும் பராமரிக்கிறவளைப் பராமரிக்க ஆளில்லை, அந்த இடத்தைக் கதாநாயகன் நிரப்புகிறான் என்றார் ராட்வே. பெண்ணியவாதியான அவருக்கு இதில் ஓர் உறுத்தலும் இருந்தது. வீட்டில் கிடைக்காததைப் புத்தகம் கொடுத்துவிட்டால், வீட்டில் வாய் திறந்து கேட்கும் அவசியம் குறைந்துபோகாதா? நியாயமான உறுத்தல்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க கிரிக்கெட் பார்க்கும் ஆண்களை யாரும் இந்தக் கோணத்தில் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

களைத்தவர்களுக்கான படிப்பு என்பதை வியாபாரிகள் வெகு சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். ஜெரால்டு மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் 1908இல் லண்டனில் தொடங்கிய பதிப்பகம் எல்லா வகைப் புத்தகங்களும் போட்டது. ஜாக் லண்டன், உட்ஹவுஸ்கூட அவர்கள் பட்டியலில் உண்டு. 1930களில் வாடகை நூலகங்களுக்கு வந்துபோகும் பெண்கள் எதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மில்ஸ் அண்ட் பூன் முழுசாகக் காதல் கதைக்கு மாறிவிட்டது. நம் ஊரிலும் வாடகை நூலகமும் மாத நாவலும்தான் இந்த வேலையைச் செய்தன. ராணிமுத்து, மாலைமதி, கண்மணி என்று பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கியவை எத்தனை வீடுகளில் மெத்தைக்கு அடியில் இருந்தன என்பது உங்களுக்கே தெரியும்.

ரமணிசந்திரன் பற்றித் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். தயங்க என்ன இருக்கிறது? நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். நம் விமர்சகர்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை; 2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோதுதான் அவர் கதை ஒன்றை வேறு மாதிரி ஆட்கள் படித்தார்கள். பணக்கார நாயகன், ரோஷக்கார நாயகி, ஒரு தப்பபிப்பிராயம், வாய்விட்டுப் பேசியிருந்தால் ரெண்டாம் அத்தியாயத்தில் தீர்ந்திருக்கும் சிக்கல். இருந்தாலும் அந்த நாயகி தலை குனிய மாட்டாள். காசில்லாத வீட்டுப் பெண் எதிரே நின்று பதிலுக்குப் பதில் பேசுவதைப் படிக்கவே ஒரு தலைமுறை அதை வாங்கியது.

எனக்கு ஒத்துக்கொள்ளாதது அதற்குப் பின்னால் வந்த சரக்கில் ஒரு பகுதி. 'ஆன்ட்டி ஹீரோ' என்று போர்டு மாட்டிக்கொண்டு வரும் கதைகள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அவன் அறைவான், கடத்துவான், பலவந்தமாகத் தாலி கட்டுவான், இருபதாம் அத்தியாயத்தில் அவன் சின்ன வயதில் பட்ட துன்பம் ஒன்றைச் சொன்னதும் அவள் உருகிவிடுவாள். அவரவர் ருசி என்று விட்டுவிடலாம்தான், எனக்கு மனசு வரவில்லை. முன்னே சொன்ன கவனிப்பு இதில் எங்கே இருக்கிறது? அவள் முகத்தைப் பார்த்தவனுக்குக் கை ஓங்குமா? நீங்கள் விரும்பும் லேசான நாவல்களில் நாயகன் தோற்கத் தெரிந்தவன். வாய்ச்சண்டையில் அவள் ஜெயித்தால் உள்ளூர சந்தோஷப்படுகிறவன். ஆஸ்டினின் நாவல் நாயகன் டார்சியே எலிசபெத்திடம் முதல் தடவை கல்யாணத்துக்குக் கேட்டபோது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் திருந்தினான், அது 1813இல். ஹெலன் ஃபீல்டிங் 1996இல் 'பிரிட்ஜெட் ஜோன்ஸ்' எழுதியபோது நாயகனுக்கு மார்க் டார்சி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

'லேசான கதை' என்றால் துக்கமே இல்லாத கதை என்று உங்கள் பையன் நினைக்கக்கூடும். எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்', 2020இல் வந்தது, அதை அவனிடம் கொடுங்கள். நாயகி ஜனவரி, காதல் நாவல் எழுதிப் பிழைப்பவள். அப்பா செத்துப்போகிறார், இன்னொரு பெண்ணோடு அவருக்குத் தொடர்பு இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது. அவர் விட்டுப்போன ஏரிக்கரை வீட்டில், கையில் காசில்லாமல், சுபமான முடிவு எதையும் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் இலக்கிய எழுத்தாளன் கஸ், கல்லூரிக் காலத்துப் போட்டியாளன். இருவரும் பந்தயம் கட்டுகிறார்கள்: அவன் சுபமாக முடியும் கதை எழுத வேண்டும், அவள் 'சீரியஸ்' நாவல் எழுத வேண்டும். அவனோடு போனால் ஒரு மதக்குழுவில் சிக்கி மீண்டவர்களின் பேட்டி, அவளோடு போனால் திறந்தவெளி சினிமா. ஜன்னலுக்கு ஜன்னல் காகிதத்தில் எழுதிக் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் பையன் உங்களிடம் கேட்டதைத்தான் கஸ் அவளிடம் கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவு, துரோகம், ஏமாற்றம் எல்லாம் அந்தக் கதையில் உண்டு. அத்தனையையும் சொல்லிவிட்டு நம்மை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

அடுத்து என்ன என்று கேட்பீர்கள். அதே ஆசிரியரின் 'புக் லவர்ஸ்' இருக்கிறது, 2022. வேலையே கதியென்று இருக்கும் பெருநகரத்துப் பெண்ணை உதறிவிட்டு, கிராமத்துக்குப் போன நாயகன் அங்கே ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கும் கதைகள் நிறையப் படித்திருப்பீர்கள். அந்த உதறப்பட்ட நகரத்துக்காரியைக் கதாநாயகியாக்கினால் எப்படியிருக்கும் என்று எழுதியது இது. வேலையை நேசிக்கும் பெண்ணைக் கதை தண்டிப்பதில்லை. நகைக்கடன் பிரிவில் நிமிராமல் உழைக்கும் உங்களுக்குப் பிடிக்கும்.

நீங்கள் கேட்ட இலக்கியப் பட்டியல் அடுத்த தபாலில் வரும். இதை விட்டுவிட்டு அதைப் படிக்கச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் ராத்திரி மாத்திரையைப் பையனிடம் ஒப்படைத்துவிடுங்கள். எது முன்னால், எது பின்னால் என்று அவனுக்கும் மனப்பாடம் ஆகட்டும், உங்களுக்கும் முக்கால் மணி ஒரு மணியாகும். தமிழில் சமீபத்தில் படித்ததில் உங்களுக்குச் சிரிப்பு வந்த காதல் நாவல் ஏதாவது இருந்தால் பெயர் எழுதி அனுப்புங்கள். அறைகிற நாயகன் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்