மெஷினுக்குள்ளே போன தோடு



சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துவைப்பு. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் என்று ஆறு நாள் வேலைக்குப் போகிற நம் வீடுகளில் இதுதான் வழக்கம். இப்போது பல வீடுகளில் துவைக்கிற மெஷின் வந்துவிட்டது. சிலர் குழுக் கடனில் வாங்கியிருக்கிறோம், சிலர் தவணையில் வாங்கியிருக்கிறோம். மெஷின் வந்ததால் முதுகுவலி குறைந்தது உண்மை. ஆனால் அதற்குள் போய் ஒளிந்துகொள்கிற சின்னச் சாமான்களால் வருகிற சண்டையும் உண்மை.

நம் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு அக்காவுக்கு வேலையில் இருக்கும்போது தோட்டின் திருகாணி லூசாகிவிட்டது. கழற்றி முந்தானையில் முடிந்து வைத்தார். ஒன்றரை கிராம் இருக்கிற சின்னத் தோடு. களைப்பில் மறந்துபோய் அந்தச் சேலையை அழுக்குக் கூடையில் போட்டுவிட்டார். மறுநாள் மருமகள் மெஷினில் துவைத்தாள். தோட்டைக் காணோம். "வீட்டுல வேற யாரு இருக்கா? நீதானே சேலைய எடுத்தே?" என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சில்லை.

வாரக் கூட்டத்துக்கு வந்த அக்கா அழுதுகொண்டே சொன்னார். "யக்கா, மெஷினுக்கு அடியில பாத்தியளா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் போய்த் திறந்தோம். தோடு இருந்தது. கூடவே இரண்டு ஒரு ரூபாய்க் காசு, ஒரு ஊக்கு, ஜாக்கெட் கொக்கி, ஒரு பிடி முடி. அக்கா மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, மனசுல வச்சுக்கிறாத" என்றார். மருமகள், "விடுங்க அத்தை" என்றாள்.

ஆள் மேல் சந்தேகப்படும் முன்னால் மெஷினைத் திறந்து பார்ப்போம். எப்படித் திறப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

முதல் வேலை: பிளக்கைப் பிடுங்குவது

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. காய்ந்த கையால் பிளக்கையே பிடுங்கி வெளியே வைக்க வேண்டும். வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம், ஈரக் கையும் ஈரத் தரையும் அதற்கு நல்ல வழி. காலில் செருப்பு இருக்கட்டும். சுற்றுகிற தொட்டி முழுக்க நின்ற பிறகுதான் கையை விட வேண்டும். பின்பக்கத் தகடு, மோட்டார் பக்கம் நாம் திறக்கவே கூடாது. அங்கே இருக்கிற கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஷாக் அடிக்கும்.

இரண்டாவது வேலை: தண்ணீரைக் கொட்டாதிருப்பது

பொருள் காணோம் என்று தெரிந்ததும் நாம் செய்கிற தப்பு, அவசரமாகத் தண்ணீரைத் திறந்துவிடுவது. சின்னத் திருகாணி என்றால் அதோடு சாக்கடைக்குப் போய்விடும். தண்ணீர் போகிற குழாயின் முனையை ஒரு வாளியில் விட்டு, வாளி வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி வடிகட்டுங்கள். தங்கம் கனமானது, சீக்கிரம் அடியில் தங்கிவிடும். பெரும்பாலும் தொட்டியின் அடியிலோ குழாயின் வளைவிலோதான் கிடக்கும். வடிகட்டிய தண்ணீரை வாசல் கழுவ வைத்துக்கொள்ளலாம். குடத்துக்குக் காசு கொடுக்கிற ஊரில் அதுவும் லாபம்தான்.

மூன்றாவது வேலை: தேடுவது

இரண்டு தொட்டி மெஷின்: துவைக்கிற தொட்டியின் அடியில் சுற்றுகிற தட்டு ஒன்று இருக்கும். மெக்கானிக்குகள் பல்சேட்டர் என்பார்கள். அதன் ஓரத்து இடுக்கு வழியாகத்தான் காசும் கொக்கியும் அடியில் போகின்றன. "கடகட" சத்தம் வந்தால் அதுதான் அடையாளம். தட்டின் நடுவில் ஒரு ஸ்குரூ இருக்கும். சில மெஷினில் அதன் மேல் சின்ன மூடியும் இருக்கும். ஸ்டார் ஸ்குரூ டிரைவரால் கழற்றுங்கள். தட்டு வரவில்லை என்றால் கத்தியால் நெம்பாதீர்கள், பிளாஸ்டிக் விரிந்துவிடும். உறுதியான கயிற்றைத் தட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் கொடுத்து, நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். பொருளை எடுத்ததும் பழைய பல் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்துக் கழுவி, தட்டைத் தண்டில் சரியாக உட்காரவைத்து ஸ்குரூவை முடுக்குங்கள்.

பிழிகிற தொட்டியில் விழுந்திருந்தால் டார்ச் அடித்து உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே பாருங்கள். கண்ணில் பட்டால் வளைத்த கம்பியால் எடுக்கலாம். எட்டவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மேலே மூடி உள்ள ஒற்றைத் தொட்டி மெஷின்: முதலில் உள்ளே இருக்கிற நூல்பையைப் பிரித்துப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் அடித்தட்டு. கழற்றுகிற முறை ஏறக்குறைய இதேதான்.

முன்பக்கம் கதவு உள்ள மெஷின்: கதவைச் சுற்றி உள்ள ரப்பர் மடிப்பில் விரலை விட்டுத் தடவுங்கள். பாதிச் சாமான் அங்கேயே கிடைக்கும். பிறகு கீழே ஓரத்தில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்தால் வடிகட்டி இருக்கும். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். தட்டையான பாத்திரத்தை அடியில் வைத்து, வடிகட்டியை இடப்பக்கமாக மெதுவாகத் திருகினால் தண்ணீர் வரும், பின்னால் பொருளும் வரும். திரும்ப இறுக்க மூடாவிட்டால் அடுத்த துவைப்பில் வீடெல்லாம் தண்ணீர்தான். தொட்டியைக் கையால் சுற்றும்போது உள்ளே உருளுகிற சத்தம் கேட்டும் பொருள் கிடைக்கவில்லை என்றால், அது இரண்டு தொட்டிக்கும் நடுவே இருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

எந்த மெஷினாக இருந்தாலும் வாரண்டி இருந்தால் ஸ்குரூவைத் தொடும் முன் கம்பெனியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காந்தம் உதவுமா?

ஊக்கு, கொக்கி, இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் காந்தத்தில் ஒட்டும். தங்கம், வெள்ளி, பித்தளை ஒட்டாது. காந்தத்தில் வரவில்லை என்பதால் தோடு உள்ளே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆபீஸ் துணிக்குத் தனிக் கவனம்

பட்டாசு ஆபீஸில் பருத்தி உடை போடச் சொல்வது எதற்கு? நைலானும் பாலியஸ்டரும் உரசினால் நிலை மின்சாரம் உண்டாகும், மருந்துக்கு அந்தச் சின்னப் பொறியே போதும் என்பதால்தான். அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, மருந்துத் தூள் ஒட்டிய துணியைப் பிள்ளைகள் துணியோடு மெஷினில் போடலாமா? அதை அடுப்படியில் உதறவும் கூடாது. வெளியே தனி வாளியில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, பிறகு தனியாகத் துவைக்க வேண்டும். மடியிலும் பையிலும் திரித்துண்டோ மருந்து ஒட்டிய காகிதமோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மெஷினுக்குள் போகவே கூடாத சின்னச் சாமான் அதுதான். அது வீட்டுக்கே வராமல், உடுப்பை ஆபீஸிலேயே மாற்றி வருவது இன்னும் நல்லது.

வராமல் தடுக்க

• துணியைப் போடும் முன் சட்டைப்பை, கால்சட்டைப் பை, முந்தானை முடிச்சு மூன்றையும் தடவிப் பாருங்கள்.
• கொக்கி உள்ள துணி, சின்னத் துணிகளைப் பழைய தலையணை உறையில் போட்டு வாயைக் கட்டிப் போடுங்கள்.
• பாவாடை நாடாவை முடிச்சுப் போட்டுவிடுங்கள். அது தட்டில் சுற்றிக்கொள்ளும்.
• மெஷின் பக்கத்தில் ஒரு டப்பா வையுங்கள். கிடைக்கிற காசு, ஊக்கு, பொத்தான் எல்லாம் அதில். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள், சிரிப்பு வரும்.
• மூன்று பின் பிளக்கும் எர்த்தும் கட்டாயம். மெஷினைத் தொட்டால் "சுர்" என்றால் அன்றே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் மெஷின் இருக்கிறது? எத்தனைக்கு எர்த் இருக்கிறது?
2. ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் யார்? மற்றவர்களுக்கு அவர் ஒரு நாள் சொல்லிக்கொடுக்க முடியுமா?
3. பொருள் காணாமல் போனால் நம் வீட்டில் முதலில் யார் மேல் பழி விழுகிறது? ஏன்?

மூன்றாவது கேள்வியை மட்டும் அவசரமில்லாமல் பேசுங்கள். மருமகள்களும் பேசட்டும்.