தீவகத் தண்ணியில் ஒரு செவ்விலைச் செடி

பிள்ளை, மீன்தொட்டிக்குச் செம்பழுப்பு இலை விடும் கிரிப்டோகொரைன் வென்டி வாங்கியிருக்கிறாய். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த அது இலங்கைக்கே உரியது. 1958இல் டி விட் என்ற தாவரவியலாளர் அதற்குப் பெயரிட்டார். ஓடைச் செடியை ஆறே இல்லாத நம் யாழ்ப்பாணத் தீவகத்துக்குக் கொண்டுவந்துவிட்டாய். இனி அதற்குத் தேவை உன் நிதானம்.

1. கிணற்றை மதி. வேலணையிலும் நெடுந்தீவிலும் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலேதான் மிதக்கிறது. மோட்டர் போட்டு ஓயாமல் இறைத்தால் சவர் ஏறும். அந்தக் காலத்தில் ஆச்சிமார் வாளியால் அளவாக அள்ளியதை நினைத்துப் பார். நாவில் கரித்தால் அது தொட்டிக்கு ஆகாது.

2. ஒரே தண்ணியில் நில். மாரியில் மழைத் தண்ணி, சோளகத்தில் கிணற்றுத் தண்ணி, இடையில் பவுசர் தண்ணி என்று தாவாதே. கடினத் தண்ணியை இந்தச் செடி பொறுக்கும். திடீர் மாற்றத்தைப் பொறுக்காது. மாற்றியே ஆகவேண்டுமென்றால் கொஞ்சங் கொஞ்சமாகக் கலந்து பழக்கு.

3. இலை அழுகினால் பதறாதே. புது இடத்துக்கு வந்ததும் இலையெல்லாம் கரைந்துபோகலாம். செத்துவிட்டதென்று பிடுங்கிக் கிணற்றடியில் எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். எறிந்த கிழங்கு கல்லாட்டம் உறுதியாகவே இருந்தது. அழுகிய இலையை நறுக்கி எடு, கிழங்கைத் தொடாதே. உயிர் இலையில் இல்லை, அடியில் இருக்கிறது.

4. நட்டபின் கையைக் கட்டிக்கொள். வேர் மணலுக்குள்ளும் குருத்து வெளியிலும் இருக்கட்டும். வேரால் உண்ணும் செடி இது, அடியில் கொஞ்சம் உரம் வை. கடற்கரை மணலும் முருகைக்கல்லும் அழகுதான். ஆனால் அவற்றின் சுண்ணாம்பு கரைந்து தண்ணியை இன்னும் கடினமாக்கும். வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கிறவனுக்கு வேர் பிடிப்பதில்லை.

5. சிவப்புக்கு ஆசைப்பட்டு வெயிலில் வைக்காதே. வெளிச்சம் கூடினால் நிறம் கூடும் என்பது உண்மை. ஆனால் மெல்ல வளரும் இலை நெடுநாள் நிற்கும். வெளிச்சம் அளவு மிஞ்சினால் பாசி அந்த இலையில்தான் முதலில் படியும். நம் வெக்கையில் தண்ணியும் சூடேறும். மங்கிய வெளிச்சத்திலும் இந்தச் செடி வாழும். நிறம் குறைந்தாலும் உன்னுடைய செடிதானே?

6. பெருகினால் பகிர். கிடைத்தண்டு ஓடிப் பக்கத்தில் குட்டி எழும்பும். அது சொந்த வேர் விட்டு இலைகள் கண்டபிறகு பிரித்து, கேட்கிறவருக்குக் கொடு. ஓடையில் பிடுங்கியதை விலைக்கு வாங்கும் தேவை ஒருவருக்காவது குறையும். கொடுக்கும்போது உன் கிணற்றுத் தண்ணியின் குணத்தையும், இலை அழுகும் கதையையும் சொல்லிக் கொடு.