படிக்காதவரும் படிக்கும் பலகை

(பி.எஸ்சி., இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மனிதன் பேசக் கற்கும் முன்பே விரலை நீட்டிச் சுட்டக் கற்கிறான். அந்தச் சுட்டுவிரலின் வேலையைத்தான் தெருமுனையில் அம்புக்குறி செய்கிறது. வழி கேட்க ஆளில்லாத இடத்திலும் வழி சொல்லும் இக்குறிகளை யாருக்காக அமைக்க வேண்டும், எப்படி அமைக்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கண்ட முறை

இதனை மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த கலை என்று எண்ண வேண்டா. தருமபுரிப் பகுதியில் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வழிக்கல் ஒன்று கிடைத்துள்ளது. அதியமான் பெருவழியில் செல்வோருக்கு, நாவல் தாவளம் 29 காதத் தொலைவில் உள்ளது என்று அது அறிவிக்கிறது. எழுத்தாலும் எண்ணாலும் சொல்லியதோடு அக்கல் அமையவில்லை. இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அதில் குடையப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கன் குழிகளை விரலால் தடவியே தொலைவை அறிந்துகொள்ளலாம். எத்தனை பரந்த உள்ளம்!

விடுதலை பெற்ற பாரதமும் இவ்வழியையே பின்பற்றியது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குச் சுமார் 18 பேரே. ஆகவே 1951–52 பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். பெயரைப் படிக்க இயலாதவர்களும் ஆட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்றைய தேவை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். மீதி இருபது பேருக்குப் பலகை என்ன சொல்கிறது? அந்த இருபதில் ஒருவர் என் தாயார். அவர் நடவு வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஒருமுறை ஒரு பெரிய மருத்துவமனையில் எக்ஸ்-ரே அறை எங்கே என்று அம்மா கேட்டபோது, “அதான் எழுதிப் போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?” என்றார் ஒருவர். என் தாயாரின் கண்களில் குறையில்லை. அவருக்கும் கண்ணுண்டு என்பதைப் பலகைதான் மறந்துவிட்டது.

குறி அமைக்கும் நெறிகள்

முதலாவது, இடம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு எனத் தண்ணீர் பிரிகிறது. பிரியும் இடத்திலேதான் மதகு உண்டு. நடு வாய்க்காலில் மதகு கட்டுவார் இல்லை. அதுபோல் வழி பிரியும் இடத்திலே பலகை வேண்டும். திருப்பத்தைக் கடந்தபின் நிற்கும் பலகையால் பயனில்லை.

இரண்டாவது, அளவு. இயல்பான பார்வையுடையவர் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்து, கண்ணில் 5 நிமிடக் கோணத்தை, அதாவது ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கை அமைக்கிறது. கண் மருத்துவரின் எழுத்தட்டைக்கும் இதுவே அடிப்படை. இக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு ஏறத்தாழ 0.00145. எனவே 30 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க எழுத்து 44 மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். இது எல்லை மட்டுமே. கண்புரையுள்ள முதியவரையும் மாலை மங்கலையும் எண்ணினால் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். சுழியும் வளைவும் மிகுந்த நம் எழுத்துக்கு இது மிகவும் பொருந்தும்.

மூன்றாவது, ஐயமின்மை. மேல்நோக்கிய அம்பு “நேரே செல்” என்கிறதா, “மாடிக்கு ஏறு” என்கிறதா? மாடிக்கு என்றால் அம்போடு படிக்கட்டையும் வரைய வேண்டும்.

நான்காவது, வேறுபாடு. 1969இல் மெக்சிகோ நகரத்தில் சுரங்க இரயில் தொடங்கியபோது, லான்ஸ் வைமன் என்னும் ஓவியர் நிலையத்துக்கொரு சின்னம் வகுத்தார். சபுல்டெபெக் என்பதற்கு அந்நாட்டுப் பழமொழியான நாவாட்டில் “வெட்டுக்கிளிக் குன்று” என்று பொருள். அந்நிலையத்தின் சின்னம் வெட்டுக்கிளி! நம் பேருந்துகளுக்கும் ஊருக்கொரு சின்னம் அமைத்தால் என்ன? கோபுரத்தை வரைந்தால் பயனில்லை; இங்கே கோபுரமில்லாத ஊர் ஏது? தஞ்சைக்குத் தலையாட்டிப் பொம்மை, கும்பகோணத்துக்குக் குடம், திருவாரூருக்குத் தேர், நாகப்பட்டினத்துக்குக் கலங்கரை விளக்கம், பட்டுக்கோட்டைக்குத் தென்னை எனலாம்.

தேர்வாளர் யார்?

வரைந்தவனுக்குத் தன் படம் எப்போதும் விளங்கும். எனவே சோதனை வேண்டும். பாதுகாப்புக் குறிகளுக்கு அமெரிக்கத் தர விதி ஒன்று, நூற்றுக்கு 85 பேராவது சரியான பொருளைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆபத்தான மாற்றுப் பொருள் கொள்வோர் 5 பேருக்கு மேல் இருத்தலாகாது என்கிறது.

இச்சோதனைக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அட்டைகளில் சின்னங்களை வரைந்து, பேருந்து நிலையத்தில் காத்திருப்போரிடம் காட்டி, “இது எந்த ஊர்?” என்று கேட்கலாம். பெரும்பாலோர் தவறாகச் சொன்னால் கிழித்தெறிய வேண்டியது நம் அட்டையைத்தான். கல்லூரியில் பேராசிரியர்கள் நமக்குத் தேர்வு வைக்கிறார்கள். நாம் எழுதும் பலகைக்கு மதிப்பெண் போட வேண்டியவர்கள், எழுத்தறியாத நம் மக்களே!