குட்டி கடிக்கிறது: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் எல்லோருக்கும் கொண்டாட்டம். மூன்று மாதம் முடிந்து நாலாவது பிறக்கும்போது சோபா மூலை, ஊஞ்சல் பலகையின் விளிம்பு, செல்போன் சார்ஜர், வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு என்று ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும். கூடவே அறிவுரையும் வரத் தொடங்கும். எதிர் ஃபிளாட் மாமி ஒன்று சொல்வார், வாட்ச்மேன் ஒன்று சொல்வார், குட்டியை விற்றவர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்தில் நாய் வளர்க்கும் வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் இந்தப் பேச்சுகளில் பாதி பயனற்றவை. சில, குட்டியின் உயிருக்கும் நம் உயிருக்கும் ஆபத்தானவை.

"கால்சியம் கம்மி, அதான் சுவரைக் கடிக்குது"

இதைப்போல வேரூன்றிப்போன நம்பிக்கை வேறில்லை. குட்டி கதவு நிலையைக் கொறித்தால் கால்சியம் டானிக். சுவரை நக்கினால் இன்னும் இரண்டு மூடி கூடுதல்.

குட்டியின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள், காரணம் அங்கேயே தெரியும். நாய்க்குப் பால் பற்கள் 28. வளர்ந்த நாய்க்கு 42. ஏறக்குறைய நாலாவது மாதம் முன்பற்கள் விழத் தொடங்குகின்றன. ஆறு, ஏழு மாதத்துக்குள் கோரைப்பல்லும் கடைவாய்ப்பற்களும் முளைத்து முடிகின்றன. அந்த நாட்களில் ஈறு சிவந்து வீங்கியிருக்கும், கடித்த துணியில் பொட்டாக ரத்தம் இருக்கும், சில சமயம் பழைய கோரைப்பல்லும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வீடு பெருக்கும்போது அரிசி மணி அளவில் ஒரு வெள்ளைப் பல் துடைப்பத்தில் சிக்கினாலும் பதற வேண்டாம். பல் முளைக்கிற வாய் எதையாவது கடித்தாக வேண்டும். அதோடு, கையில்லாத பிராணி உலகைத் தொட்டுப் பார்ப்பதே வாயால்தான்.

டானிக் ஊற்றுவதால் கடிப்பது நிற்காது என்பதோடு விஷயம் முடியவில்லை. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தை உறிஞ்சாமல் தள்ளிவிடும். சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதி உடம்பில் ஏறிவிடும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் இது எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கிவிடும். குட்டிகளுக்கென்று தயாராகும் தரமான உணவில் வேண்டிய கால்சியம் முன்பே இருக்கிறது. தயிர்சாதமும் பால்சாதமும் மட்டுமே சாப்பிட்டு வளர்கிற குட்டியின் கதை வேறு. அதற்கு நிஜமாகவே குறைபாடு வரலாம். ஆனால் அது நொண்டுவதில், கால் வளைவதில் தெரியுமே தவிர, செருப்பைக் கடிப்பதில் தெரியாது. மண்ணையும் சுண்ணாம்பையும் விடாமல் தின்கிறது என்றால் வயிற்றுப் புழுவோ ரத்தசோகையோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அளவைச் சொல்ல வேண்டியது மருத்துவர், கடைக்காரர் அல்ல.

"ஒரு பழைய செருப்பைக் கொடுத்துடுங்க, புதுசைத் தொடாது"

தொடும். தோலும் ரப்பரும் உங்கள் கால் வாசனையும் சேர்ந்த எதுவும் கடிக்கத் தக்கது என்று நீங்களே கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். பழையது, புதியது என்ற பேதம் நமக்குத்தான். பழைய சாக்ஸுக்கும் இதே கதை. அதை விழுங்கிக் குடல் அடைத்து அறுவை சிகிச்சை வரை போவதும் உண்டு.

"தப்பு பண்ணினது அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க"

மாலையில் வீடு திரும்புகிறீர்கள். தலையணை பஞ்சாகக் கிடக்கிறது. குட்டி காதை மடக்கி, வாலை இடுக்கி, கண்ணைத் திருப்பிக்கொள்கிறது. குற்ற உணர்ச்சி என்று முடிவு கட்டி ஒரு அடி விழுகிறது.

நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இந்த முகத்தைத்தான் சோதித்துப் பார்த்தார். ஆய்வு 2009-ல் வெளியானது. தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் அறையை விட்டுப் போவார். நாய் அதைத் தின்றதா இல்லையா என்று திரும்பி வந்தவரிடம் சில நேரம் உண்மையும் சில நேரம் பொய்யும் சொல்லப்பட்டது. நாய் தின்றிருந்தாலும் தின்னாவிட்டாலும் அந்த "குற்ற முகம்" வந்தது வளர்ப்பவர் திட்டியபோதுதான். தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகவே தெரிந்தது. அந்த முகம் தப்பை ஒப்புக்கொள்ளும் முகம் அல்ல, உங்கள் குரலுக்கும் நிற்கும் தோரணைக்கும் பயந்த முகம்.

காலை பத்து மணிக்குக் கிழித்த தலையணைக்கு மாலை ஆறு மணிக்கு விழும் அடியைக் குட்டியால் தொடர்புபடுத்திக்கொள்ள முடியாது. நீங்கள் கதவைத் திறந்தால் அடி விழும் என்பதை மட்டும் அது கற்றுக்கொள்ளும். பயந்த குட்டி இன்னும் அதிகம் கடிக்கும். நீங்கள் பார்க்காத இடத்தில் கடிக்கும்.

கையும் களவுமாகப் பிடித்தாலும் துரத்தாதீர்கள், துரத்தினால் அதற்கு விளையாட்டு. கடிக்கத் தக்க வேறொன்றை மூக்கருகே காட்டுங்கள். வாயிலிருப்பதை விட்டதும் அதைக் கொடுத்துப் பாராட்டுங்கள். நூறு தடவை செய்ய வேண்டியிருக்கும். செய்யுங்கள்.

"வேப்பெண்ணெய் தடவுங்க, மிளகாய்ப்பொடி தூவுங்க"

கசப்பு சில குட்டிகளைத் தடுக்கும், சில குட்டிகள் நக்கிவிட்டுக் கடிக்கும். மிளகாய்ப்பொடி கண்ணிலும் மூக்கிலும் ஏறினால் சித்திரவதை. அதைச் செய்யவே கூடாது.

"எலும்பு கொடுத்தா போதும்"

வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து தொண்டையையும் குடலையும் குத்தும். ஆட்டின் கெட்டி எலும்பு புதுப் பல்லையே உடைக்கும். இளநீர் மட்டையைக் கொடுப்பவர்களும் உண்டு. நார் வயிற்றில் சேர்ந்து அடைக்கும். மாம்பழக் காலத்தில் கொட்டையைக் குப்பைக்கூடையிலிருந்து குட்டி எடுத்து விழுங்குவதும் இதே அபாயம்.

வேறு என்ன கொடுப்பது? ஃபிரீசரில் வைத்த முழு கேரட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கலாம். ஈரத்துணியை முறுக்கி உறையவைத்துத் தரலாம், ஈறு குளிர்ந்து வலி அடங்கும். உள்ளே சோறோ தயிரோ அடைத்து உறையவைக்கும் ரப்பர் பொம்மைகள் கடைகளில் கிடைக்கின்றன. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிய வேண்டும், அதற்கு மேல் கெட்டியானது எதுவும் பல்லுக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தரையில் கொட்டாமல் இரண்டு மூன்றாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் சலிப்புத் தட்டாது.

கொடுப்பதைவிட எடுத்து வைப்பது முக்கியம். ஒரு நாள் நீங்களே தரையில் மண்டியிட்டுக் குட்டியின் உயரத்தில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் கற்பூர டப்பா இருக்கும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். பீரோவுக்குள் பாச்சை உருண்டை, சமையலறை மூலையில் கரப்பானுக்குப் போட்ட மருந்து, பாயசத்துக்கு வாங்கிய உலர் திராட்சை, பால்கனித் தொட்டியில் அரளி: அத்தனையும் நாய்க்கு நஞ்சு. சார்ஜர் வயர் மின்சாரம் ஓடும்போதே கடிபடும்.

"ஓடவிட்டு களைக்க வைங்க, அடங்கிடும்"

ஓரளவுக்குத்தான். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும். தூக்கம் கெட்ட குட்டி கண்மண் தெரியாமல் கையையும் புடவைத் தலைப்பையும் பிடித்து இழுக்கும். அந்த நேரத்தில் வேண்டியது இன்னொரு பந்து விளையாட்டு அல்ல, சத்தமில்லாத மூலையும் ஒரு பாயும்தான்.

இதற்கு நேர் எதிர், "மொட்டை மாடியில் கட்டிப்போடுங்க" என்பது. சித்திரை, வைகாசி வெயிலில் சென்னை மாடித் தளத்தில் நம் புறங்கையைச் சில விநாடிகூட வைத்திருக்க முடியாது. குட்டியின் பாதமும் அந்தச் சூட்டில் வெந்துவிடும். தனியே கட்டிய குட்டி கத்தும், கயிற்றைக் கடிக்கும், வெப்பத்தில் சுருண்டு விழும். நீங்கள் வெளியே போன சற்று நேரத்தில் கதவையும் ஜன்னலையும் மட்டும் குறிவைத்துப் பிறாண்டுகிறதா, எச்சில் ஒழுக்குகிறதா என்று பழைய செல்போனில் படம் பிடித்துப் பாருங்கள். அப்படியென்றால் அது தனிமைக்குப் பயப்படுகிறது. அதற்கு வைத்தியம் வேறு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனிமையைப் பழக்க வேண்டும்.

"குட்டிதானே, கடிச்சா ஊசி வேண்டாம்"

மற்ற நம்பிக்கைகளால் செருப்பும் சோபாவும், சில சமயம் குட்டியின் உயிரும் போகும். இதனால் மனித உயிர் போகும். குட்டிக்கும் ரேபிஸ் வரும், குட்டியிடமிருந்து மனிதருக்கும் பரவும். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய இல்லை. குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி வழக்கமாக மூன்றாம் மாதத்தில்தான் போடப்படும். தாய் யார், எங்கே திரிந்தது என்று தெரியாத குட்டி அதற்கு முன் கடித்தாலும் பிறாண்டினாலும் "பால் பல்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். தோலினுள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாள் என நான்கு தவணை. ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் தேவைப்படும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் போன தலைமுறையோடு முடிந்தது. வீட்டில் குழந்தை இருந்தால், குட்டியின் பல் பட்டதைக் குழந்தை மறைக்காமல் சொல்லும்படி பழக்குங்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து.

"நாட்டுக்குட்டி வீட்டை நாசம் பண்ணும், லேப்ரடார்னா சாது"

லேப்ரடார், வேட்டையில் விழுந்த பறவையை வாயில் கவ்விக் கொண்டுவருவதற்கென்றே உருவாக்கப்பட்ட இனம். வாயைப் பயன்படுத்துவது அதன் பிறவிக் குணம். கடித்துக் குதறுவதில் நம் தெருக்குட்டிக்கு அது சற்றும் இளைத்ததல்ல. 1959-ல் பெருமழை நாளில் தி.நகர் தெருவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்கு எடுத்துவந்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. அன்று முதல் இந்த ஊரின் எத்தனையோ வீடுகளில் தெருக்குட்டிகள் நல்ல பிள்ளைகளாக வளர்ந்திருக்கின்றன. இனத்தைவிட முக்கியம், குட்டியைத் தாயிடமிருந்து எப்போது பிரித்தார்கள் என்பது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடித்தான் கற்கிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. ஐந்து வாரக் குட்டியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

"அசோசியேஷன் சொல்லிட்டா அனுப்பியே ஆகணும்"

பக்கத்து வீட்டுச் செருப்பைக் குட்டி கடித்துவிட்டதென்றால் முதலில் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள், அது நம் கடமை. ஆனால் நாய் வளர்க்கவே கூடாது என்று தடை போடக் குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரமில்லை. ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு 1962-ல் தொடங்கிய இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

"ஆறு மாசத்துல தானா நின்னுடும்"

பல் முளைப்பது நிற்கும். கடிக்கும் ஆசை ஒன்றரை, இரண்டு வயது வரை விட்டுவிட்டுத் தொடரும். இதை முன்பே தெரிந்துகொள்ளாதவர்கள்தான் ஏழாவது, எட்டாவது மாதத்தில் கைவிடுகிறார்கள். வீட்டில் வளர்ந்த குட்டிக்குத் தெருவில் சோறு தேடத் தெரியாது, மற்ற நாய்களிடமிருந்து தப்பவும் தெரியாது. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. உண்மையிலேயே வளர்க்க முடியவில்லை என்றால் உறவினர், நண்பர், விலங்கு நல அமைப்பு என்று கேட்டு வேறொரு வீடு தேடுங்கள். அந்த வீடு கிடைக்கும் வரை அது உங்கள் குட்டி. தயவுசெய்து இரவோடு இரவாகக் கடற்கரையில் இறக்கிவிட்டு வந்துவிடாதீர்கள்.