மருந்து கலந்த தண்ணீரும் ஓசோனும்

மருந்தடித்து முடித்ததும் முதுகு டேங்கை இறக்கி வாய்க்கால் ஓரத்திலேயே கழுவுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி தண்ணீரில் பட்டதும் பால்போல வெளுக்கும். அந்த வெள்ளை கொஞ்ச தூரம் ஓடி, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் கரையும். “ஓடுற தண்ணிதானே, போயிடும்” என்பார்கள். எங்கே போகிறது என்று கேட்டுப் பழகவேயில்லை நாம்.

நம்பிக்கை: குடிநீரில் மருந்து கலந்திருந்தாலும் நன்றாகக் கொதிக்கவைத்தால் போய்விடும்.

கொதியில் கிருமிகள் சாகும். அட்ரசின் போன்ற களைக்கொல்லி எளிதில் ஆவியாகாது, ஆவியாவது தண்ணீர்தான். பானையில் சுண்டச் சுண்ட மருந்தின் செறிவு கூடும்.

நம்பிக்கை: குளோரின் போட்ட தண்ணீர் என்றால் பயமில்லை.

குளோர்பைரிபாஸ் மூலக்கூறில் பாஸ்பரசைப் பிடித்துக்கொண்டு ஒரு கந்தக அணு இருக்கிறது. குளோரின் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆக்சிஜனை உட்காரவைக்கிறது. கிடைப்பது குளோர்பைரிபாஸ் ஆக்சான். நரம்புகளுக்கு இன்றியமையாத ஒரு நொதியை முடக்குவதில் இது தாய்ப்பொருளைவிடப் பல மடங்கு கொடியது. ஆய்வுக்கூடத்தில் குளோர்பைரிபாஸை மட்டும் தேடினால் “இல்லை” என்றே அறிக்கை வரும். என்னை மிகவும் அச்சுறுத்துவது இந்த “இல்லை”தான்.

நம்பிக்கை: ஓசோன் எந்த மருந்தையும் உடைத்துவிடும்.

பிரான்சின் நீஸ் நகரம் 1906-லேயே குடிநீருக்கு ஓசோனைப் பயன்படுத்தத் தொடங்கியது. கிருமிகளைக் கொல்வதில் அதன் திறமையில் சந்தேகமே வேண்டாம். மருந்துகளிடம் மட்டும் அது ஆள் பார்த்து வேலை செய்யும். கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்பு இருந்தால் சட்டென்று பிளக்கும். மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் நம் ஊரில் அடிக்கிற அட்ரசினிடம் திணறும்.

அந்த இடத்தில்தான் வினையூக்கி உதவுகிறது. மாங்கனீசு டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, கிளர்வூட்டிய கரி போன்றவற்றின் குருணைகளை ஒரு குழாயில் நிரப்பி, தண்ணீரோடு ஓசோன் குமிழிகளையும் செலுத்துகிறார்கள். குருணையின் பரப்பில் ஓசோன் சிதையும்போது ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கிறது. கண்ணிமைக்கும் நேரம்கூட அது தங்காது. அதற்குள் எதிர்ப்படும் எதையும் தாக்கிவிடும். அட்ரசினோடு ஓசோன் வினைபுரியும் வேகத்தை 6 என்று வைத்தால், அதே அலகில் ரேடிக்கலின் வேகம் சுமார் 300 கோடி.

ஆனால், எதையும் தாக்கும் என்பதே அதன் பலவீனமும்கூட. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுகிறதே, அதற்குக் காரணமான பைகார்பனேட் இந்த ரேடிக்கலை வழியிலேயே மடக்கி விழுங்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் அழகாக வேலை செய்த முறை கடினநீர்க் கிணற்றில் தளர்ந்துபோவதற்கு இது முக்கியக் காரணம்.

குருணை தண்ணீரில் கரைந்துவிடாதா என்றும் கேட்கிறார்கள். நல்ல வினையூக்கி செலவாகாமல் குழாயிலேயே இருக்கும். தரம் குறைந்ததிலிருந்து உலோகம் கசியலாம் என்பதால் வெளிவரும் நீரில் அதையும் சோதித்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: மருந்து காணாமல் போனால் தண்ணீர் சுத்தம்.

அட்ரசினைத் தாக்கும்போது முதலில் உதிர்வது பக்கக் கிளைகள்தான். நடுவில் உள்ள வளையம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மருந்து முழுக்கக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் தாது உப்புகளாகவும் மாறினால்தான் அழிந்தது என்று சொல்லலாம். ஓசோனில் அது அரிது. வினையூக்கி சேர்த்தால் அந்த எல்லையை நோக்கி இன்னும் சற்று நகரலாம்.

ஜெர்மனியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். டோலைல்ஃபுளுவானிட் என்ற பூஞ்சைக்கொல்லி மண்ணில் சிதைந்து, டைமெத்தில் சல்ஃபமைடு என்ற சிறு துண்டாக நிலத்தடி நீரில் இறங்கியது. அந்தத் துண்டால் பெரிய கேடில்லை. ஆனால், குடிநீர் ஆலையில் ஓசோன் பட்டதும் அதிலிருந்து என்.டி.எம்.ஏ. உருவானது. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள். சுத்திகரிப்பே நஞ்சைப் பிறப்பித்துவிட்டது. 2007-இல் அந்த மருந்தைத் திறந்தவெளிப் பயிர்களுக்கு அடிப்பது நிறுத்தப்பட்டது.

ஆம்ஸ்டர்டாம் போன்ற ஊர்களில் ஓசோனுக்குப் பிறகு நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கரிப்படுகை வழியாக நீரை விடுவது எனக்கு நம்பிக்கை தருகிறது. ஓசோன் நறுக்கிப் போட்ட துண்டுகளில் பலவற்றை அந்த உயிர்கள் தின்றுவிடுகின்றன.

ஓசோன் கருவி விற்க வருபவர் மருந்து நீங்கியதற்கான சோதனைத் தாளை நீட்டுவார். வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு எண்களைக் கேளுங்கள். மருந்து முழுக்க அழிந்ததா என்று காட்டும் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது? புரோமேட் எவ்வளவு உருவானது? நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். புரோமைடு மிகுந்த கடல்நீர் ஏறிய கிணறு என்றால் இரண்டாவது கேள்வியை முதலில் கேளுங்கள்.